ஷ்பார்கலுக்கும் பன்றி வறுவலுக்கும் 80 யூரோவுக்குள் வெள்ளை ஒயின்: எதை வாங்குவது?

மன்ஹைம் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் என் மாமனாருக்கு 70 வயது நிறைகிறது. விருந்து எங்கள் வீட்டில், சமையல் என் பொறுப்பு. மன்ஹைமுக்கு வந்த இந்த ஆறு வருடத்தில் மாமியார் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட சமையல்தான். அதை அவர்களுக்கே ஆக்கிப் போடுகிறேன் என்பதால் இப்போதே படபடப்பு.

முதலில் வெள்ளை ஷ்பார்கல், அதாவது அஸ்பாரகஸ் தண்டு. அது விளையும் ஷ்வெட்சிங்கன் ஊர் பக்கத்திலேயே இருப்பதால் அன்று காலை வெட்டியதே கிடைக்கும். அதற்கு ஹொலாண்டேஸ் சாஸ், வேகவைத்த ஹாம், புது உருளைக்கிழங்கு. அடுத்து ஷ்வைனபிராட்டன் என்கிற பன்றி வறுவல், சவர்கிராவ்ட் என்கிற புளித்த முட்டைக்கோஸ், க்ளோஸ என்கிற உருளைக்கிழங்கு உருண்டை. மேசை நடுவில் ஒரு பெரிய கிண்ணம் கார்டோஃபெல்சலாட் (உருளைக்கிழங்கு சாலட்), மாமியார் முறைப்படி மயோனைஸ் இல்லாமல் இறைச்சிச் சாறும் வினிகரும் ஊற்றியது. கடைசியில் ஆப்பிள் கேக்.

வீட்டில் வெள்ளை ஒயின்தான் குடிப்பார்கள். மாமியாருக்குச் சிவப்பு ஒத்துக்கொள்வதில்லை. பன்னிரண்டு பேரில் என்னையும் இரண்டு பிள்ளைகளையும் கழித்தால் ஒன்பது பேர் குடிப்பார்கள். ஒயினுக்கு நான் ஒதுக்கியிருப்பது 80 யூரோ, அதற்கு மேல் முடியாது.

என் பயத்துக்குக் காரணம் போன கிறிஸ்துமஸ். அன்று இரவு உருளைக்கிழங்கு சாலடும் வேகவைத்த சாசேஜும். நான் கடையில் அரை மணி நேரம் நின்று, தங்க எழுத்தில் 'ஷ்பேட்லேஸ' என்று போட்டிருந்த மூன்று ரீஸ்லிங் வெள்ளை ஒயின் பாட்டில் வாங்கினேன். தரமானது என்றுதான் நினைத்தேன். ஊற்றிக் குடித்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கிளாஸ்கள் அப்படியே நின்றன. பிறகு கணவர் சொன்னார், பழச்சாறு போல இனிப்பாம். எனக்கு ஒயின் பழக்கம் கிடையாது, குடித்துப் பார்த்து வாங்கவும் தெரியாது. அலமாரியில் ரீஸ்லிங் என்றே 3.49 யூரோவுக்கும் இருக்கிறது, 14 யூரோவுக்கும் இருக்கிறது. லேபிளைப் பார்த்தே எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே ஒயின் எல்லாவற்றுக்கும் போதுமா, தனித்தனியாக வாங்க வேண்டுமா?

வூர்ட்ஸ்பர்க் தோழி எழுதியது:

ஷ்பார்கலுக்கு சில்வானர் திராட்சை ஒயின். எங்கள் ஃபிராங்கன் பக்கம் ஏப்ரல் முதல் ஜூன் 24, யோஹானிஸ் திருநாள் வரை ஷ்பார்கல் காலம் முழுக்க வேறு பேச்சே கிடையாது. ஜெர்மனியில் சில்வானர் முதன்முதலில் நடப்பட்டது 1659இல் காஸ்டலில், எங்களுக்குப் பக்கத்து ஊர். அதனால் இங்கே எல்லோருக்கும் அதன் மேல் ஒரு உரிமை. தட்டையான, வயிறு பருத்த பாக்ஸ்பாய்டல் பாட்டிலில் வருவது பார்க்க அழகுதான், ஆனால் விலை ஏறும். உங்கள் கணக்குக்கு ராய்ன்ஹெஸன் வட்டாரச் சில்வானர் ஒரு லிட்டர் பாட்டிலில் வாங்குங்கள். 'ட்ரோக்கன்', அதாவது இனிப்பில்லாதது, என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மோசல் குசினி எழுதியது:

தங்கச்சி, நான் 1986இல ஜேர்மனிக்கு வந்தனான். மோசல் கரையில, பேர்ன்காஸ்டலுக்குக் கிட்ட, ஒரு உணவகத்தின்ர குசினியில 27 வருசம் வேலை. முதல் மூண்டு வருசம் கோப்பை கழுவினனான், பிறகு சலாட் மேசை, அதுக்குப் பிறகுதான் அடுப்புக்கு விட்டவை. எனக்குச் சமையல் பழக்கின பெரியவர் ஒரு காரியத்தை ஒவ்வொரு நாளும் செய்வார். சோஸ் கொதிக்கேக்க ஒரு கரண்டி சோஸ் ருசி பார்ப்பார், பிறகு ஒரு வாய் வைன், பிறகு திரும்பவும் அதே சோஸ். இரண்டாந்தரம் சோஸ் முதலைவிட வடிவா இருந்தால் அந்த வைன் சரி. சோஸ் மங்கினாலோ, வைன் தண்ணி மாதிரிப் போனாலோ, போத்தலைத் திருப்பி வைச்சுப்போடுவார். விலையை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் குசினியில நான் கண்டுகொண்டது இதுதான். இறைச்சி வெள்ளையோ சிவப்போ எண்டு பாராதீங்கோ. சாப்பாட்டுக் கோப்பையில எவ்வளவு புளிப்பு, எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு இனிப்பு எண்டு பாருங்கோ. ஜேர்மன் சாப்பாட்டில புளிப்பு எல்லா இடத்திலயும் ஒளிச்சிருக்கு: சவர்கிராவ்ட், வினிகர் சலாட், ஊறவைச்ச வெள்ளரிக்காய், கடுகு. வைனின்ர புளிப்பு சாப்பாட்டின்ர புளிப்பைவிட ஒரு படி கூட நிக்கவேணும், இல்லாட்டி வைன் செத்துப்போகும். கொழுப்பு கூடினாலும் அதே மருந்துதான், புளிப்புத்தான் நாக்கில படிஞ்ச நெய்ப்பை வழிச்சு எடுக்கும். இனிப்புச் சாப்பாட்டுக்கு வைன் அதைவிட இனிப்பா இருக்கவேணும்.

இனி உங்கட மேசைக்கு வருவம்.

ஷ்பார்கலுக்கு மேல எழுதின பிள்ளை சொன்னது சரி. வெள்ளை ஷ்பார்கலில ஒரு மெல்லிய கசப்பு இருக்கு. கூர்மையான ரீஸ்லிங்கை அதோட குடுத்தால் அந்தக் கசப்பு இரும்பு மாதிரி நாக்கில நிக்கும். சில்வானருக்குப் புளிப்பு குறைவு, மணமும் அடக்கம், கொஞ்சம் புல்லு, கொஞ்சம் மண். அது ஷ்பார்கலோட சண்டைக்குப் போகாது. சில்வானர் கிடைக்காட்டி வைஸ்புர்குண்டர் எண்ட வெள்ளை வைன் எடுங்கோ. ஹொலாண்டேஸில வெண்ணெய் கனக்க இருக்கிறபடியால் வைஸ்புர்குண்டரின்ர மெதுமை அதுக்கு நல்லாப் பொருந்தும். ஒண்டு மட்டும் கவனம்: 'பரீக்' எண்டு எழுதியிருந்தால், அது ஓக் மரப் பீப்பாவில வைச்சது. ஷ்பார்கலுக்கு வேண்டாம்.

ஷ்வைனபிராட்டனும் சவர்கிராவ்டும் வந்தால் ரீஸ்லிங் ட்ரோக்கன். இதில எனக்கு ரெண்டாம் கதை இல்லை. முட்டைக்கோவா நொதிச்சு வந்த புளிப்புக்கும் பன்றிக் கொழுப்புக்கும் ஒரே நேரத்தில ஈடுகுடுக்கிற மலிவான வெள்ளை வைன் இந்த நாட்டில வேற இல்லை. நான் மோசல்காரன் எண்டாலும் உங்களுக்கு ஃபால்ட்ஸ் ரீஸ்லிங்தான் சொல்லுவன். மோசல் கற்பலகை மண்ணில விளையிறது மெல்லிசு, புளிப்பு கூர்மை. ஃபால்ட்ஸ் வெய்யில் கூடின இடம், அங்கத்தைய ரீஸ்லிங்குக்கு உடம்பு இருக்கு, பன்றிக்கு அது வேணும். அந்த ஊர்க்காரர் பன்றி இரைப்பைக்குள்ள உருளைக்கிழங்கும் இறைச்சியும் திணிச்சுச் செய்யிற சவ்மாகனை ரீஸ்லிங்கோடதான் சாப்பிடுறவை. ஹெல்முட் கோல் ஜேர்மன் சான்சலரா இருக்கேக்க 1989இல பிரித்தானியப் பிரதமர் தட்சரை டைடஸ்ஹைமுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு குடுத்ததும் அந்தப் பக்கத்திலதான்.

சலாட்டும் கடுகும் கிட்ட இருக்கிறபடியால் ரெண்டு போத்தல் 'ஃபைன்ஹெர்ப்' ரீஸ்லிங்கும் வையுங்கோ. ட்ரோக்கனைவிடக் கொஞ்சம் இனிப்பு மிஞ்சினது அது. கடுகு, குதிரைமுள்ளங்கி, புகையூட்டின இறைச்சி எல்லாத்துக்கும் அந்தச் சொட்டு இனிப்பு உதவும். வயசானவைக்கும் அதுதான் விருப்பம், நான் எத்தினையோ கல்யாண மேசையில பாத்திருக்கிறன். சலாட்டில ஊத்துற வினிகரில பாதியைக் குறைச்சு, அந்த இடத்துக்கு இறைச்சிச்சாறும் ஒரு கரண்டி வைனும் விடுங்கோ. வினிகர் மிஞ்சினால் எந்த வைனும் நிண்டுபிடிக்காது.

அப்பிள் கேக்குக்கு, கிறிஸ்மஸுக்கு நீங்கள் வாங்கினீங்களே, அதையே ஒரு போத்தல் வாங்குங்கோ. உண்மையாத்தான் சொல்லுறன். அது கெட்ட வைன் இல்லை, பிழையான சாப்பாட்டுக்குப் பக்கத்தில நிண்டது, அவ்வளவுதான். வினிகர் சலாட்டுக்குப் பக்கத்தில நிண்ட அந்த இனிப்பு, வெண்ணெயும் அப்பிளும் கறுவாவும் சேர்ந்த கேக்குக்குப் பக்கத்தில வேற ஆள் மாதிரி இருக்கும்.

லேபிளைப் பற்றி: 'ஷ்பேட்லேஸ' எண்டால் பிந்திப் பறிச்சது, பழம் அவ்வளவு பழுத்திருந்தது எண்டு அர்த்தம். போத்தலுக்குள்ள இனிப்பு எவ்வளவு எண்டு அது சொல்லாது. இனிப்பைச் சொல்லுறது வேற சொற்கள். 'ட்ரோக்கன்' எண்டால் லிட்டருக்கு 9 கிராம் சீனிக்கு மேல இருக்கேலாது. 'ஹால்ப்ட்ரோக்கன்' எண்டால் 18 கிராம் வரை, 'லீப்லிஷ்' எண்டால் 45 வரை. 'ஃபைன்ஹெர்ப்' சட்டத்தில அளவு சொல்லாத சொல், பெரும்பாலும் ஹால்ப்ட்ரோக்கனை ஒட்டித்தான் இருக்கும், சிலது கொஞ்சம் கூட. ஒரு சொல்லும் இல்லாட்டி அல்கஹோல் இலக்கத்தைப் பாருங்கோ. 12 வீதமும் மேலயும் எண்டால் சீனி பெரும்பாலும் நொதிச்சு முடிஞ்சுது. 8 அல்லது 9 வீதம் எண்டால் சீனி உள்ள மிஞ்சி நிக்குது. உங்கட கிறிஸ்மஸ் போத்தல் வீட்டில இன்னும் கிடந்தால் எடுத்துப் பாருங்கோ, 8 சொச்சம்தான் இருக்கும்.

'கூட்ஸ்அப்ஃப்யுல்லுங்' எண்டு இருந்தால், திராட்சையை வளர்த்தவரே வைனாக்கிப் போத்தலில அடைச்சிருக்கிறார். 'எர்ட்ஸாய்கர்அப்ஃப்யுல்லுங்' எண்டால் விவசாயிகள் கூட்டுறவாவும் இருக்கலாம், அதுவும் நம்பலாம். மலிவு அலமாரியில முதல்ல தேடவேண்டியது இந்த ரெண்டு சொல்லும்தான். 14 யூரோ போத்தலில நீங்கள் குடுக்கிற காசு ஒரு தனித் தோட்டத்துக்கு, செங்குத்தான மலையில கையால பறிக்கிற கூலிக்கு. அது நியாயமான காசு. ஆனால் சவர்கிராவ்டுக்குப் பக்கத்தில அந்த நுணுக்கம் ஒண்டும் தெரியாது. அதைத் தனியா வைச்சு மெதுவாக் குடிக்கவேணும்.

டார்ம்ஸ்டாட் மாணவன் எழுதியது:

அக்கா, இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரான ஒயினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் சேர்மானங்களும் ஊட்டச்சத்து விவரமும் தரவேண்டும் என்று சட்டம். பெரும்பாலும் பின்பக்க லேபிளில் கியூஆர் கோடாக இருக்கும். போனில் பிடித்தால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் 'ட்ஸுக்கர்', அதாவது சர்க்கரை, 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று இருக்கும். பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு. 0.5 என்றால் லிட்டருக்கு 5 கிராம், ட்ரோக்கன். 6 என்றால் 60 கிராம், கேக்குக்கு உரியது. 2024 அறுவடை பாட்டில்களில் இது கட்டாயம் இருக்கும். குடிக்காமலே இனிப்பை அளக்கலாம்.

பாடன்வாசி எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? கிராவ்புர்குண்டர் ட்ரோக்கன் ஒன்பது பாட்டில் வாங்குங்கள், வேலை முடிந்தது. எங்கள் ஊர்க் கூட்டுறவில் 5 யூரோவுக்கு நல்லதாகவே கிடைக்கிறது. புளிப்பு குறைவு, யாருக்கும் வயிறு எரியாது. நான் எல்லா விருந்துக்கும் அதுதான் வைக்கிறேன், இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

மன்ஹைம் மருமகள் எழுதியது:

மோசல் அண்ணா, எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டில் ஒன்று இன்னும் அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், 8.5 சதவீதம்!

தம்பி, கியூஆர் கோடு யோசனைக்கு நன்றி. நாளைக்கே கடையில் முயற்சி செய்கிறேன்.

பாடன்வாசி சொல்வதைக் கேட்டால் எளிதாக இருக்கிறது, மனம் அங்கேயும் இழுக்கிறது. இன்னும் சில சந்தேகம். வந்தவுடன் வாழ்த்துச் சொல்லிக் கிளாஸ் தட்ட செக்ட் (குமிழி ஒயின்) வேண்டும் என்று கணவர் சொல்கிறார், அது 80க்குள் அடங்குமா? எத்தனை பாட்டில் வேண்டும்? குளிர்சாதனப் பெட்டியில் எவ்வளவு நேரம்? நேராகத் திராட்சைத் தோட்டக்காரரிடமே போய் வாங்கினால் மலிவா?

மோசல் குசினி எழுதியது:

பாடன்வாசி தம்பி சொல்லுறதில பாதி சரி. ஷ்பார்கலுக்கும் ஹாமுக்கும் கிராவ்புர்குண்டர் நல்லாப் போகும், கூட்டுறவு வைனை நான் ஒருநாளும் குறைச்சுச் சொல்லமாட்டன். 1868இல ஆர் பள்ளத்தாக்கில மைஷோஸ் எண்ட ஊரில ஏழை விவசாயிகள் கூட்டுறவு தொடங்கினது, ஒற்றையா நிண்டால் வியாபாரிக்குத் தலைகுனிய வேண்டி வந்தபடியால்தான். அந்த வழியில வந்த வைன் நல்ல வைன். ஆனால் சவர்கிராவ்டை வாயில வைச்சிட்டு கிராவ்புர்குண்டரைக் குடிச்சுப் பாருங்கோ தம்பி. வைன் காணாமல் போயிடும், அல்கஹோலின்ர சூடு மட்டும் தொண்டையில மிஞ்சும். வருத்தப்பட்டு விளைவிச்ச பொருளை நாங்கள் அப்பிடி மேசையில வீணாக்கக்கூடாது. முகம் சுளிக்காமல் குடிக்கிறது வேற, இன்னொருக்கா ஊத்தச் சொல்லிக் கிளாசை நீட்டுறது வேற.

தங்கச்சி, செக்ட் கதை. ஜேர்மனியில சாதாரண வைனுக்குத் தனி மதுவரி இல்லை. செக்டுக்கு இருக்கு, ஒரு போத்தலுக்கு 1.02 யூரோ. 1902இல கைசர் எண்ட பேரரசர் காலத்தில கப்பற்படைக்குக் காசு சேர்க்கப் போட்ட வரி, இப்பவும் கட்டுறம். அதால மலிவு செக்டில வரி போக உள்ளுக்கு மிஞ்சுற காசு கொஞ்சம். உங்கட கணக்குக்கு 'செக்கோ' எண்டு விக்கிற பெர்ல்வைன் எடுங்கோ. குமிழ் அழுத்தம் குறைவு எண்டபடியால் அந்த வரி அதுக்கு இல்லை. தோட்டக்காரர் தன்ர திராட்சையில செய்த செக்கோ, கடையின்ர மிக மலிவான செக்டைவிட எப்பவும் நல்லா இருந்ததை நான் கண்டிருக்கிறன்.

தோட்டத்துக்கே போங்கோ எண்டுதான் சொல்லுவன். மன்ஹைமில இருந்து பாட் டூர்க்ஹைமுக்கு ட்ராமிலயே போகலாம், ரைனைக் கடந்து லுட்விக்ஸ்ஹாஃபன் வழியாப் போகும். இறங்கினால் நீங்கள் நிக்கிறது டொய்ச்ச வைன்ஷ்ட்ராஸவில, 1935இல திறந்த அந்த வைன் பாதை 85 கிலோமீற்றர் ஊர் ஊராப் போகுது. ரோட்டோரத்தில 'வைன்ஃபெர்காவ்ஃப்' (வைன் விற்பனை) பலகை கண்டால் உள்ள போய் மணி அடியுங்கோ. 'ஷ்வைனபிராட்டனுக்கும் சவர்கிராவ்டுக்கும் ஒரு லிட்டர் ரீஸ்லிங் ட்ரோக்கன் வேணும்' எண்டு சொல்லுங்கோ. எந்த வின்சரும், அதான் வைன் செய்யிற தோட்டக்காரரும், இந்தக் கேள்வியைக் குறைவா எடுக்கமாட்டார், லிட்டர் போத்தல் அவையள் வீட்டில நாளாந்தம் குடிக்கிறது. ருசி பார்க்கக் குடுப்பினம். குடிக்காட்டிலும் வாயில வைச்சுத் துப்பலாம், அதுக்கெண்டே அங்க ஒரு பாத்திரம் இருக்கும். அதுவும் வேண்டாம் எண்டால் மணந்து பாருங்கோ. ஒவ்வொரு நாளும் சமைக்கிற ஆளுக்கு மூக்கு பிழைக்காது.

கணக்கு இப்பிடி. நாங்கள் ஒரு ஆளுக்கு அரை லிட்டர் எண்டு பிடிச்சு, அதுக்கு மேல கையிருப்பு வைப்பம், மத்தியானத்தில தொடங்கிப் பின்னேரம் வரை இருப்பினம்தானே. செக்கோ ரெண்டு போத்தல், ஆறரை யூரோப்படி 13. சில்வானர் லிட்டர் போத்தல் ரெண்டு, அதுவும் 13 வரும். ரீஸ்லிங் ட்ரோக்கன் லிட்டர் ரெண்டு, ஆறு யூரோப்படி 12. ஃபைன்ஹெர்ப் முக்கால் லிட்டர் ரெண்டு, ஏழரைப்படி 15. இனிப்பு ஷ்பேட்லேஸ ஒண்டு 9. எல்லாம் 62 யூரோ. உங்கட அலமாரியில மிஞ்சிக் கிடக்கிறதைப் பாவிச்சால் அந்த 9உம் மிச்சம். தோட்டத்துக்குத் தோட்டம் விலை ஒண்டு ரெண்டு யூரோ ஏறி இறங்கும், 80க்குள்ள நிக்கும். மிச்சக் காசுக்குக் குமிழ்த் தண்ணியும், அந்த வின்சரிட்டயே திராட்சைச் சாறும் வாங்குங்கோ. பிள்ளையளுக்கும் உங்களுக்கும் காரோடுற ஆளுக்கும் அது வேணும். இங்க காரோடுற ஆளின்ர ரத்தத்தில அல்கஹோல் 0.5 ப்ரொமிலுக்குக் கீழ இருக்கவேணும் எண்டு சட்டம், விருந்து முடிஞ்சு சாவியை எடுக்கிற ஆள் ஆரெண்டு முன்னமே கேட்டு வையுங்கோ.

குளிர்: ரீஸ்லிங்கை 8 தொடக்கம் 10 பாகையில குடுக்கலாம். சில்வானரும் வைஸ்புர்குண்டரும் 10 தொடக்கம் 12. குளிர்ப்பெட்டி 7 பாகையில நிக்கும் எண்டால், சில்வானரை மேசைக்குக் கால் மணித்தியாலம் முந்தி வெளியில எடுங்கோ. குளிர் கூடினால் மணம் எழும்பாது. கேக்குக்கான இனிப்பு வைனை மட்டும் நல்லாக் குளிரவிடுங்கோ, அப்பதான் திகட்டாது. வேற ஒரு மேசைக்கும் இந்தக் கணக்கு உதவும்: ட்ரவுட் மீன் வெண்ணெயில பொரிச்சதுக்கு இலேசான ரீஸ்லிங் கபினெட் ட்ரோக்கன், வெங்காயமும் சீஸும் போட்ட ஷ்பெட்ஸ்ல நூடில்ஸுக்கு வைஸ்புர்குண்டர், மத்தி மாதிரி உப்பு ஹெரிங்குக்கு மேல்மோசல் எல்ப்லிங் வைன். எல்ப்லிங் சரியான மலிவு, தேசிக்காய் மாதிரி இருக்கும், ஆக்கள் அதைத் தேடி வாங்கிறது குறைவு. எனக்கு அதில கவலை.

மன்ஹைம் மருமகள் எழுதியது, விருந்துக்குப் பிறகு:

விருந்து முடிந்து இரண்டு நாள் ஆகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாட் டூர்க்ஹைமுக்கு ட்ராமில்தான் போனோம். திரும்பும்போது பாட்டில் பையைத் தூக்க முடியாமல் கணவர் இரண்டு தடவை கீழே வைத்தார். மணி அடித்த இரண்டாவது வீட்டில் ஒரு வயதான அம்மா திறந்தார். நீங்கள் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னேன். அவர் உடனே, 'சவர்கிராவ்டில் ஜூனிபர் பழம் போடுவாயா?' என்று கேட்டார். போடுவேன் என்றதும் முதலில் எடுத்த ரீஸ்லிங்கை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார். நான் வாயில் வைத்துத் துப்பினேன். முதலில் கூச்சமாக இருந்தது, மூன்றாவது கிளாஸில் பழகிவிட்டது. ட்ரோக்கனுக்கும் ஃபைன்ஹெர்ப்புக்கும் உள்ள வித்தியாசம் எனக்கே தெரிந்தது, அண்ணா. நாக்கின் ஓரம் கூசுவது ஒன்றில் சட்டென்று நின்றது, ஒன்றில் மெதுவாக நின்றது. அவரிடம் சில்வானரும் இருந்தது. மொத்தம் 57 யூரோ 50 சென்ட், கேக்குக்குப் பழைய பாட்டிலே இருந்ததால்.

ஒரு தவறு நடந்தது. ஷ்பார்கல் தோல் உரிக்கிற அவசரத்தில் சில்வானரை வெளியே எடுக்க மறந்துவிட்டேன். மாமனார் ஒரு வாய் குடித்து ஒன்றும் சொல்லாமல் வைத்தார், எனக்கு கிறிஸ்துமஸ் ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது. ஹாமும் உருளைக்கிழங்கும் சுற்றி வருவதற்குள் கிளாஸில் குளிர் தணிந்தது. அதற்குப் பிறகு அவரே பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார்.

முதலில் தீர்ந்தது ஃபைன்ஹெர்ப்தான். மாமியார் அதன் பெயரைத் தன் சமையல் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டார், கார்டோஃபெல்சலாட் எழுதிய அதே பக்கத்தில். மாமனாரின் தம்பி ரீஸ்லிங் ட்ரோக்கனில் பாதிக்குப் பாதி குமிழ்த் தண்ணீர் ஊற்றி அரை லிட்டர் கிளாஸில் ஷோர்லே ஆக்கிவிட்டார். ஃபால்ட்ஸில் பிறந்தவராம், அதுதான் சரி என்றார்.

கேக் வந்ததும் அந்த ஷ்பேட்லேஸவைத் திறந்தேன். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, 'இது கிறிஸ்துமஸுக்கு வைத்ததுதானே?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேக்கை ஒரு துண்டு வாயில் போட்டு மறுபடி குடித்தார். பிறகு கிளாஸை நீட்டினார், அண்ணா. இன்னொரு முறை ஊற்றச் சொல்லி.

ஒரு லிட்டர் ரீஸ்லிங் திறக்காமல் இருக்கிறது, சில்வானர் பாதி பாட்டில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

மோசல் குசினி எழுதியது:

வாசிச்சுச் சந்தோசம் தங்கச்சி. ஜூனிபர் கேட்ட அந்த அம்மாவை விட்டுடாதீங்கோ, அடுத்த வருசமும் அவவிட்டயே போங்கோ.

பாதிச் சில்வானரை மூடிக் குளிர்ப்பெட்டியில வைச்சால் மூண்டு நாலு நாள் நிக்கும். அதுக்குள்ள குடிக்க ஆள் இல்லாட்டி, கோழி வாட்டேக்க சோஸுக்கு விடுங்கோ. திறக்காத ரீஸ்லிங் திருகுமூடிதானே, நிமித்தியே வைக்கலாம், வெளிச்சம் படாத குளிரான இடத்தில. லிட்டர் வைன் வருசக்கணக்கா வைக்கிறதுக்குச் செய்தது இல்லை, இந்த வருசத்துக்குள்ள குடிச்சு முடியுங்கோ. அடுத்தமுறை சவர்கிராவ்ட் வேகேக்க அதில ஒரு கிளாஸ் ஊத்திப்போட்டு, மிச்சத்தை அதே சாப்பாட்டோட மேசையில வையுங்கோ.

செப்ரெம்பரில வெங்காயக் கேக் செய்தால் எழுதுங்கோ. அதுக்கு ஃபெடர்வைஸர், நொதிச்சுக்கொண்டிருக்கிற புது வைன். ட்ராமில கொண்டு வரேக்க போத்தலைப் படுக்க வைக்காதீங்கோ, காத்துப் போறதுக்காக அதின்ர மூடியை இறுக்கிறதில்லை.